லில் கார்போர்ட்டின் முனகல்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஸ்கேட்டிங் அரங்க உரிமையாளர் பெர்னி ஹ்லாவாக் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயார் லோரெட்டா நோவோசெல் அவர்களே, மெக்கீஸ்போர்ட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தும் பஸ் பிடித்து ஒஹையோவிலிருந்தும் வந்திருக்கும் கறுப்பு ஹூடித் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் மார்லா ட்வைட். இருபத்திரண்டு வயதில் நம்மை விட்டுப் போன லில் கார்போர்ட், அந்த மேடைப்பெயருக்குள் இருந்த எங்கள் டெரிக் நோவோசெல், பாடிய ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்தவள். எங்கே பதிவு செய்தேன்? ஸ்டூடியோவிலா? அவன் வீட்டு கார்போர்ட்டில், கார் நிறுத்தும் கொட்டகையில், நின்ற ஓடாத காருக்குள். கண்ணாடிகளை ஏற்றி, கூரைமேல் கம்பளி போர்த்தி, அவன் முன்சீட்டில் மைக்கோடு, நான் பின்சீட்டில் லேப்டாப்போடு. அவன் பாடி நான் அழுதால், "ஏய் மார்லா, லேப்டாப் நனையுது. அந்தப் பக்கம் திரும்பி அழு" என்பான்.

இதே அரங்கில் அவன் முதல் கச்சேரி நடந்தது. ஏதோ குழந்தையின் பிறந்தநாள் விழா முடியாமல், சிறுவர்கள் அவனைச் சுற்றிச் சுற்றிச் சக்கரக் காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். கேட்க வந்தவர்கள் ஆறு பேர். அவன் நிறுத்தினானா? ஆறு பேருக்கும் முழுத் தொண்டையில் பாடினான். முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரையும், "சாப்ட்டியா?" என்று கேட்டான். பிறகு கூட்டம் தெருமுனை வரை நீண்ட காலத்திலும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. அவன் அம்மா பெட்ரோல் பங்கின் காலை உணவுக் கவுண்டரில் செய்யும் முட்டை பன்னைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, குளிரில் வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தான். இங்கே அதைச் சாப்பிடாதவர் யார்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை.

அவன் சோகம் நடிப்பில்லை. வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் சாக ஆசைப்பட்டான் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். அவனுக்கு இருந்தது பல்வலி. வியாழக்கிழமை பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தான். அதுவரை தாங்காது என்று எவனிடமோ ஒரு மாத்திரை வாங்கினான். அதில் விஷத்தைக் கலந்திருந்தார்கள். பாட்டு அவனைக் கொல்லவில்லை. கலப்பட மாத்திரை கொன்றது.

அவனைப் புதைத்த மண்ணின் ஈரம் காய்வதற்குள் பாட்டுக் கம்பெனி ஒரு பதிவை வெளியிட்டதே, எதற்கு? 'கடைசி வாக்குமூலம்' என்று பெயர். "என்னை மண்ணுல போடு, மூடு" என்று அவன் பாடுகிறானாம். அதோடு குரல் தேய்ந்து மறைகிறதாம். பத்திரிகைகள் தன் சாவைத் தானே முன்கூட்டிச் சொன்னவன் என்று எழுதின. அந்த வரியை அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதைக் கேட்டுவிட்டு லோரெட்டா அம்மா என்னிடம் வந்தார். "மார்லா, அவன் என்கிட்டதான சொல்லியிருக்கான்? ஒரே வீட்டுல இருந்தும் எனக்குக் கேக்கலையே" என்றார். அவர் அதன்பின் கவுண்டருக்கு வேலைக்குப் போகவில்லை.

அம்மா, நன்றாகக் கேளுங்கள். அது பாட்டே இல்லை. முனகல். எங்கள் தொழிலில் முதலில் மெட்டைப் பிடிப்போம். வார்த்தைக்குப் பதில் வாய்க்கு வந்ததை முனகி வைப்போம். நீங்கள் எல்லோரும் கண்ணீர்விட்ட 'ஜனவரி ஜன்னல்' முதலில் எப்படி இருந்தது தெரியுமா? "ஈர சாக்ஸு யாரோடது, யாரோடது." அதை வெளியிட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? நனைந்த ஆத்மாவின் கதறல் என்றா?

கம்பெனி அந்த முனகலின்மேல் எதிரொலியை ஊற்றி, வார்த்தைகளைக் கரைத்துவிட்டது. மூலப் பதிவு என் லேப்டாப்பில் இருக்கிறது. எதிரொலி இல்லாமல் இப்போது ஓடவிடுகிறேன். பெர்னி, அந்த ஹீட்டரைக் கொஞ்சம் அணையுங்கள், இரைச்சல்.

கேட்டீர்களா? இன்னொரு முறை.

"வெண்ணெய பன்னுல போடு, மூடு."

சிரியுங்கள், பரவாயில்லை. அவனும் சிரித்துக்கொண்டேதான் முனகினான். அன்று காலை எங்களுக்குப் பசி. இது யாருடைய வார்த்தை? லோரெட்டா அம்மா, கவுண்டர் அடுப்படியில் வேலை செய்யும் பையனைப் பார்த்து தினமும் நீங்கள் போட்ட சத்தம்தானே இது? 'மூடு' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து பதிவை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் அவன் பாடியது என்னிடம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். மூடு என்றபின் என்ன சொல்வீர்கள்? மைக்கை அம்மாவிடம் கொடுங்கள்.

"... மூடுடா, சூடு ஆறிடும்."

நன்றி அம்மா. உங்கள் பிள்ளையின் கடைசிப் பாட்டு இதுதான்.

தோழர்களே, அந்தச் சட்டைகளை இங்கேயே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். அவன் முனகலுக்கு நாம் வார்த்தை எழுதமாட்டோம், எவனையும் எழுத விடவும் மாட்டோம். இனி நம் கச்சேரி நடக்கிற வாசலிலெல்லாம் பன் பெட்டி இருக்கும். வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அவன் கேட்டதைக் கேட்போம்.

இப்போது எழுந்து நில்லுங்கள். மெட்டு உங்களுக்குத் தெரியும். அம்மா முதல் வரியைச் சொல்லட்டும். சூடு ஆறுவதற்குள் பாடுவோம்.