அழுமூஞ்சி மூட்டை

மேலூரிலிருந்து மதுரை வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண், மடியில் லேப்டாப்போடு. பக்கத்தில் அரிசி ஆலை நடத்தும் அவள் அப்பா.

“யப்பா, என் மூக்கை வரையவே ரெண்டு மணி நேரம் ஆச்சு” என்றாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எதுக்குத்தா அம்புட்டு நேரம்?”

“நம்ம அரிசி மூட்டையில நான் கைக்குழந்தையா இருக்க படத்தைப் பெருசாக்குனா புள்ளி புள்ளியா உடையுதுல்ல? அதான் வெக்டரா மாத்திட்டேன். இனி எம்புட்டுப் பெருசா அச்சடிச்சாலும் கோடு பிசிறாது.”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். “என்னத்தா, இதுல சிரிக்கிற?”

“பின்னே? இருவது வருசமா ஊர் ஊரா மூட்டையில அழுதுக்கிட்டே கெடக்கேன்.”

“கடைக்காரவுக அழுமூஞ்சி மூட்டைன்னுதான கேட்டு வாங்குறாக? சிரிச்சா நம்ம அரிசி இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாக.”

“நல்லவேளை, வாயைத் தனி லேயரா வச்சிருக்கேன்” என்று அவள் முனகிக்கொண்டே அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டாள். “கண்ணீரும் போட்டுட்டேன். தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுத்தா” என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக.