குருவிப்பெட்டிக்குக் கீழே

வெர்லின்: அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா தோண்டி இடுப்பை ஒடிச்சுக்காத.

நோஹெமி: நேத்துலேருந்து இருபத்திரெண்டு குழி தோண்டியாச்சு. இடுப்பு ஏற்கனவே ஒடிஞ்சுதான் கிடக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், மண்ணை மிதிக்கிறீங்க.

வெர்லின்: என் நிலத்தை நானே மிதிக்கக் கூடாதா?

நோஹெமி: நிலத்தை மிதிங்க. சோதனைக்கு என் புட்டிக்குள்ள போகப்போற மண்ணை மிதிக்காதீங்க.

வெர்லின்: யப்பா... என்னா வாய்! இந்தா, காபி. பயப்படாத, கடையில வாங்கின தண்ணியிலதான் போட்டது.

நோஹெமி: உங்க கிணத்துக்கு என்ன?

வெர்லின்: அது... உப்பு. நீ குடி. ஏம்மா, ஈயமும் ஆர்செனிக்கும் வரும்னு நானே சொன்னேன்ல? காய்ப்புழுவுக்கு மருந்துன்னு எங்க தாத்தா அடிச்சாரு. யாக்கிமா பக்கம் எந்தப் பழைய ஆப்பிள் தோட்டத்தைக் கிளறினாலும் அதேதான்.

நோஹெமி: அது மேல் மண்ணோட நின்னுடும். சுரண்டி எடுத்துட்டுப் புது மண் போட்டா, இங்க வரப்போற இருபத்தினாலு வீட்டையும் கட்டிடலாம். நான் தேடுறது அது இல்ல.

வெர்லின்: பின்ன?

நோஹெமி: எண்ணெய்த் தொட்டி.

வெர்லின்: அதான் நேத்து அந்த இரும்பு தேடுற மிஷினைத் தூக்கிட்டுக் கொட்டகையைச் சுத்திச் சுத்தி வந்தியே. என்ன கிடைச்சுது?

நோஹெமி: ஒரு குதிரை லாடம்.

வெர்லின்: அதிர்ஷ்டம்! வீட்டு வாசல்ல மாட்டு.

நோஹெமி: மொதல்ல வீடு வரட்டும். நாங்க இருக்கிறது டிரெய்லர் வண்டியில... சரி, ஒண்ணு கேக்கறேன். ஏப்ரல்ல பூ பூத்து நிக்கிறப்போ உறைபனி விழுந்தா என்ன செய்வீங்க?

வெர்லின்: இப்ப பனியை விரட்டப் பெரிய காத்தாடி இருக்கே.

நோஹெமி: காத்தாடி வர்றதுக்கு முன்னாடி?

வெர்லின்: எண்ணெய் அடுப்பு. ரெண்டு மரத்துக்கு ஒண்ணு. காலையில மூக்கைச் சிந்தினா கரி மாதிரி வரும்...

நோஹெமி: எத்தனை அடுப்பு?

வெர்லின்: இருக்கும்... எண்ணூறு.

நோஹெமி: எண்ணூறு அடுப்புக்கும் கொட்டகையிலேருந்தா வாளி சுமந்தாங்க? சுமந்து முடிக்கிறதுக்குள்ள பூவெல்லாம் செத்திருக்குமே. தொட்டி நடுத்தோட்டத்துலதான இருக்கணும்?

வெர்லின்: ...காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்களா?

நோஹெமி: எங்க குடும்பத்துல காலேஜ் வாசல் மிதிச்ச மொத ஆளு நான். இதை அங்க யாரும் சொல்லிக்குடுக்கல. அந்தக் குருவிப்பெட்டி அழகா இருக்கு.

வெர்லின்: எம் பொண்டாட்டி பெயின்ட் அடிச்சது. நீலக்குருவி அடைகாக்குது. கிட்டப் போகாத.

நோஹெமி: மரமெல்லாம் வெட்டியாச்சு. அது மட்டும் நடுவுல தனியா நிக்குது. கம்பம் இரும்பு.

வெர்லின்: இரும்புன்னா பூனை ஏறாது.

நோஹெமி: தட்டிப் பாத்தேன். குழாய்.

வெர்லின்: குழாய்தான் மலிவு.

நோஹெமி: மிஷின் அங்கதான் கத்துது. பன்னெண்டு அடி நீளத்துக்குக் கத்துது. எந்தக் குருவிக்கு சார் அவ்வளவு பெரிய அஸ்திவாரம்?

வெர்லின்: அப்பா புதைச்சது. நான் பம்பை மட்டும் கழட்டிட்டுக் குழாய் மேல பெட்டியை வெச்சேன்... தொட்டி காலிதாம்மா. சத்தியமா காலி.

நோஹெமி: நீங்க காலி பண்ணீங்களா, தானாக் காலியாச்சா?

வெர்லின்: காலின்னா காலிதான்.

நோஹெமி: படிவத்துல “புதைச்ச தொட்டி உண்டா”ன்னு கேட்ட இடத்துல “இல்லை”ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப நேராச் சொல்லுங்க.

வெர்லின்: வசந்தத்துல ரொப்புவோம்... பனியே விழாத வருஷமும் அறுவடைக்குள்ள பாதிதான் இருக்கும். மொதல்ல யாரோ திருடுறான்னு நெனச்சோம். பூட்டுகூடப் போட்டோம்.

நோஹெமி: எந்த வருஷத்துலேருந்து கடைத் தண்ணி வாங்குறீங்க?

வெர்லின்: தொண்ணூத்திமூணு.

நோஹெமி: தோட்டத்து ஆளுங்க? அந்த மரக் கேபின்ல குடியிருந்தவங்க?

வெர்லின்: அவங்க... குழாய்லதான்.

நோஹெமி: அதே கிணறு.

வெர்லின்: அப்ப இதெல்லாம் யாருக்குத் தெரியும்மா?

நோஹெமி: உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான கடைக்குப் போனீங்க!

வெர்லின்: கத்தாத... சரி, தப்புதான். ஆனா நீயும் யோசிச்சுப் பாரு. வரப்போற வீடெல்லாம் யாருக்கு? பழம் பறிக்கிற சனங்களுக்கு. ஆறு வருஷமாக் காத்துக்கிட்டிருக்காங்க. நீ ஒத்தை வரி எழுதினா எல்லாம் நின்னுடும். மூணு வருஷமோ, அஞ்சு வருஷமோ. அந்தப் பொம்பளைங்க மூஞ்சியில எப்படி முழிப்ப?

நோஹெமி: நீங்க எனக்காகக் கவலைப்படாதீங்க.

வெர்லின்: நீ அந்தப் பக்கம் குழி போடலைன்னா யாருக்கும் தெரியாது. நேத்து வரைக்கும் உனக்கே தெரியாது. திடீர்னு காலையில வந்து நேரா பெட்டிகிட்ட போய் நிக்கிற... யார் சொன்னா உனக்கு?

நோஹெமி: நாலாம் நம்பர் கேபின்ல இஸாவ்ரான்னு ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்கா? அந்தப் பம்பை அடிச்சு வாளி ரொப்பினவ, அந்தக் கிணத்துத் தண்ணியை அஞ்சு வருஷம் குடிச்சவ... எங்கம்மா. வரப்போறதுல பதினொண்ணாம் நம்பர் வீடு அவ பேருக்குத்தான் எழுதியிருக்கு. ஜன்னலுக்குத் திரைகூடத் தெச்சு முடிச்சிட்டா. நேத்து சாப்பிடறப்போ, கொட்டகைகிட்ட ஒண்ணும் கிடைக்கலன்னு சொன்னேன். எந்திரிச்சுப் போய் அந்தத் திரையை மடிச்சு அலமாரியில வெச்சிட்டு வந்து, குருவிப்பெட்டிக்குக் கீழ பாருன்னு சொன்னா. அந்தப் புட்டியை எடுங்க சார்... தோண்டணும்.