கழித்தல் குறி

தேநீருக்கு நன்றி. சர்க்கரை அளவாக இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் ஒருவராவது தன் வேலையைத் தெரிந்து செய்கிறார். நீங்கள் இரண்டு விரலால் தட்டச்சு செய்வதால் நிதானமாகவே சொல்கிறேன். இடையில் கேள்வி வேண்டாம். நீங்கள் என்னென்ன கேட்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதில் பாதி அநாவசியம்.

அந்தக் குழந்தைப்பேறு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினான்கு வருடம் இருந்தேன். எனக்கு அங்கே ‘குத்தம் சார்’ என்று பெயர். எதை எடுத்தாலும் குற்றம் சொல்கிறேனாம். வீட்டில் ஒட்டடை தொங்கினால் விளக்கைப் பழித்து என்ன பயன்?

என் தங்கை கணவரை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். மூன்றே வருடத்தில் அவர் எனக்கு மேலே பிரிவுத் தலைவர் ஆனார். திறமை ஒன்றும் இல்லை. யார் எது சொன்னாலும் “சரிங்க” என்பார், சிரிப்பார். நம் ஊழியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் அது போதும். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவரே ஓடுவார். தலைவன் ஓடுகிற இடத்தில் வேலை நடக்காது என்பது என் கருத்து. யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை.

மருத்துவமனையின் எல்லா இயந்திரங்களையும் ஒரே திரையில் கண்காணிக்க ஒரு மென்பொருள் வைத்தார். உலகெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள் எழுதியது, இலவசம், அதன் நிரலை யாரும் திறந்து படிக்கலாம். யாரும் படிக்கலாம் என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் படித்தேன். கருவியின் பெயரைத் தேடுகிற பெட்டியில் ஒரே ஒரு மேற்கோள் குறியைத் தட்டினேன். பக்கம் உளறியது. அப்போதே புரிந்துவிட்டது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு குமாஸ்தா இருக்கிறார். விண்ணப்பத்தில் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தாலும் உரக்கப் படித்து அதன்படி நடப்பார். அங்கே பெயரை எழுதி, பக்கத்திலேயே ‘பீரோவைத் திற’ என்றும் எழுதிவைத்தால், எழுந்து போய்த் திறப்பார். அந்தப் பெட்டி அப்படிப்பட்ட குமாஸ்தா. பெயரை எழுத வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதினால் தரவுத்தளம் அதையும் நிறைவேற்றும். எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்பார்கள். கடவுச்சொல் தேவையில்லை. செய்தவர் பெயரும் எங்கும் பதியாது.

கண்டுபிடித்ததும் முறைப்படி அந்த மென்பொருள்காரர்களுக்கு எழுதினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பராமரிக்கிறவர் ஏதோ ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராம். இரண்டே நாளில் பதில் போட்டார், ஒரே வாரத்தில் ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பும் வெளியிட்டார். நன்றிப் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. எனக்கு மூன்று நாள் முன்னால் ஒரு கல்லூரிப் பெண் இதையே சொல்லிவிட்டாளாம். இருக்கலாம்.

மாப்பிள்ளை அதைக் கூட்டத்தில் வாசித்துக் கைதட்ட வைத்தார். எனக்கு வேர்த்துவிட்டது. சின்னப் பிள்ளை பாட்டுப் பாடினால் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல்.

“மச்சான், புது பதிப்ப நீங்களே போட்டுடுங்க. உங்க கையாலயே அடைச்சா நல்லாருக்கும்” என்றார்.

“சரி” என்றேன்.

போடவில்லை. பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி வைத்தேன். ஒரு வரி வேலை. நல்ல தலைவனாக இருந்தால் சரிபார்த்திருப்பார். இவர் எண்ணைப் பார்த்தார், என் முதுகில் தட்டினார், போய்விட்டார். நம்பிக்கை என்பது சோம்பலுக்கு வைத்த மரியாதையான பெயர்.

அந்தத் திரையில் ஆய்வகத்தின் மூன்று டேங்குகளும் தெரியும். கருக்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருக்கும் டேங்குகள். உள்ளே மைனஸ் நூற்றுத் தொண்ணூறு டிகிரி இருக்க வேண்டும். மைனஸ் நூற்றைம்பதைத் தாண்டினால் மாப்பிள்ளையின் கைபேசியில் அலாரம் அடிக்கும். மைனஸ் நூற்று முப்பதைத் தாண்டினால் உள்ளே இருப்பது எதற்கும் ஆகாது என்று லேப் டாக்டரம்மா எனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். சனிக்கிழமை மதியத்திலிருந்து திங்கள் காலை வரை ஆய்வகத்தில் ஆள் கிடையாது. அலாரம்தான் காவல்.

போன வருடம் ஒருமுறை அது அடித்தது. மாப்பிள்ளை செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து நைட்ரஜன் ஊற்றிக் காப்பாற்றினார். மேடை போட்டுப் பாராட்டினார்கள். மணி அடித்தால் எழுந்து ஓடுவதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இந்தச் சனிக்கிழமை மதியம் கிளம்புமுன் திரையைப் பார்த்தேன். மூன்றாவது டேங்கின் கோடு லேசாக நிமிர்ந்திருந்தது. நூற்றுத் தொண்ணூறு, நூற்று எண்பத்தேழு, நூற்று எண்பத்தைந்து. எங்கோ கசிவு. அந்தக் கோட்டைக் கவனிக்க அந்த மருத்துவமனையில் என்னைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. மறுநாள் காலைக்குள் அலாரம் அடிக்கும், அவர் ஓடிவருவார், மறுபடி மேடை.

வரவேற்பறைக் கணினியில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். தேடல் பெட்டியில் ஒன்றரை வரி தட்டினேன். மூன்றாவது டேங்கின் அலாரம் எல்லையில் நூற்றைம்பதுக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியை எடுத்தேன். அவ்வளவுதான். இனி அந்த டேங்க் கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடானால்தான் அலாரம் அடிக்கும். அது என்றைக்கும் நடக்காது.

திங்கட்கிழமை காலை லேப் டாக்டரம்மா மூடியைத் திறந்தபோது ஆவியே வரவில்லையாம். முப்பத்தெட்டுத் தம்பதிகள், நூற்றுப் பன்னிரண்டு கருக்கள். செய்தித்தாளில் ‘நூறு குழந்தைகள்’ என்று போட்டிருந்தார்கள். எண்ணும் தப்பு, சொல்லும் தப்பு. குழந்தைகள் அல்ல, வெறும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள். அன்றைக்கு வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாராவது பொறுமையாக விளக்கியிருக்கலாம்.

மாப்பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று அன்றே ராஜினாமா எழுதினார். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. திரையைப் படம் பிடித்து அந்தக் கணக்கு வாத்தியாருக்கு அனுப்பி, “இந்தப் பதிப்புல அலாரம் தானா மாறுமா சார்?” என்று கேட்டிருக்கிறார். “இப்படி ஒரு பதிப்பு எண்ணே நாங்க விட்டதில்லீங்களே” என்று அவர் பதில் போட்டிருக்கிறார். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் நான் கோடு போட்டிருந்தேன். கோடு போடுவதுதான் சரியான முறை. அவர்களுக்குத் தெரியவில்லை. எப்படியோ அதில்தான் என்னைப் பிடித்தீர்கள். உங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அவகிட்ட நான் என்ன மச்சான் சொல்றது?”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒருவனுக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தாய் என்று கேட்பீர்கள். தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறுவாள். மாப்பிள்ளை எனக்கு எதிரே இருந்தார். சாப்பாட்டுக்கு நடுவிலும் இரண்டு தரம் கைபேசியை எடுத்துப் பார்த்தார். அலாரம் எதுவும் இல்லை. நிம்மதியாகக் கீழே வைத்தார். என் கைபேசி என் மடியில் இருந்தது. நான் அந்த டேங்கின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, தேதி குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் பத்தாம் தேதி வைக்கறாங்களாம்” என்றாள் தங்கை. பதினோரு வருடமாகப் பிள்ளை இல்லை. “ரெண்டு கரு இருக்கில்ல, ரெண்டையும் வெச்சிரலாம்னு டாக்டர் சொல்றாங்க. இதுதான் கடைசி. எனக்கு வயசாச்சு, இனிமே எடுக்க முடியாதாம்.”

“எந்த டேங்க்ல இருக்கு?” என்றேன்.

“மூணாவதுல. ஏண்ணா?”

“சும்மா கேட்டேன்.”

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். “அங்க எல்லாம் சரியாத்தான இருக்கு?”

“என்னை ஏன் கேக்கற? தலைவர் உன் வீட்டுக்காரர். அவரைக் கேளு.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மறுபடி கைபேசியை எடுத்துப் பார்த்து, “எல்லாம் பச்சையா இருக்கு, கவலப்படாத” என்று சிரித்தார்.

அப்போது மைனஸ் நூற்று நாற்பத்தொன்று. அவர்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வண்டியில் ஆறு நிமிடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எழுந்து ஓடியிருப்பார். இலையைத் தள்ளிவிட்டு, கை கழுவாமல் ஓடியிருப்பார். எல்லாவற்றையும் காப்பாற்றியும் இருப்பார். அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தேன். பிறகு தங்கையிடம் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். நன்றாகச் சமைப்பாள். நான் கை கழுவி எழுந்தபோது நூற்று இருபத்தெட்டு.

சனிக்கிழமை செய்ததை விளையாட்டு என்றோ பாடம் என்றோ என் வக்கீல் சொல்வார். அவரை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தெரிந்தேதான் செய்தேன். அதை என் வாயால் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

வெளியே என் தங்கை காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று காவலர் சொன்னார். பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன், அழுவாள். அவளுக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை. அடுத்த தடவை கரு வைக்கும்போது இந்த மனிதரை நம்பாமல் முதலிலேயே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அந்த டேங்கை நானே பார்த்துக்கொள்கிறேன்.