முப்பத்தாறு பி

பத்தேகாலுக்கு உள்ள வந்தீங்க, பையில ஒன்பது பிரா, அட்டையில பேர் எழுதுற இடத்துல டிரைவரம்மான்னு போட்டா போதும்னீங்க. போட்டாச்சு. இப்ப மணி பத்தேமுக்கால். அளவு எழுதுற கட்டம் மட்டும் இன்னும் காலியா இருக்கு. ஏன்னா நீங்க அந்த ஸ்டூல்ல ஹேண்ட்பேக்கை நெஞ்சோட கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. டேப்பைக் கையில எடுத்தாலே பாம்பைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க.

இல்லம்மா, திரை விலகாது. அடியில கனமா சங்கிலி வச்சுத் தச்சிருக்கு, ஃபேன் காத்துக்குக்கூட அசையாது. இந்த ரூமுக்குள்ள நீங்க, நான், கண்ணாடி, அவ்வளவுதான். கண்ணாடி வெளிய போய்ப் பேசாது. நானும் பேச மாட்டேன். உள்ள மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி பேசுவேன். கடையில எனக்கு டேப்பக்கான்னுதான் பேரு. கழுத்துல எப்பவும் டேப் தொங்குறதால கூப்பிடுறாங்கன்னு நான் நம்பிக்கிட்டிருக்கேன். கேஷ்ல இருக்கிற பொண்ணு வேற காரணம் சொல்லுது.

சட்டையைக் கழட்ட வேண்டாம், மேலயே அளக்கலாம். கையை மட்டும் தொங்கவிடுங்க. ஆங், வலது கை. அதுதானே மரத்துப்போகுது? நடுவிரல் வரைக்குமா? டாக்டர் உங்க தோள்ல இருக்கிற பள்ளத்தைப் பாத்துட்டு, முதல்ல உள்ளாடையை மாத்திட்டு வான்னாரா? புத்திசாலி டாக்டர். நான் மருந்து சொல்லலம்மா, மரத்துப்போறதுக்கு வேற காரணமும் இருக்கலாம், அதை அவரே பாக்கட்டும். என் கைக்கு எட்டுறது இந்தப் பள்ளம் மட்டும்தான்.

டிப்போ மெடிக்கல் டெஸ்ட் என்னிக்கு? இருபத்திநாலா. பன்னெண்டு நாள் இருக்கு. தேறலைன்னா? அய்யய்ய, ஒன்பது வருஷம் பஸ் ஓட்டின கையை டிப்போ ஜன்னல்ல உக்காரவச்சு மத்தவங்களுக்குச் சாவி எடுத்துக் குடுன்னா எப்படி இருக்கும்? வேண்டாம். அந்த ஜன்னல்ல வேற யாராவது உக்காரட்டும்.

சரி, மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. எல்லாரும் டேப்பைக் கண்டதும் வயித்தை உள்ள இழுப்பாங்க. நான் வயித்தை அளக்கவே இல்ல.

இதோ, நெஞ்சைச் சுத்தி முப்பத்தாறு.

சிரிக்கிறீங்க. பாத்தீங்களா, எங்க வீட்டுக்காரர் சொன்ன முப்பத்தாறு பி சரிதானேன்னு உங்க முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. இருங்க இருங்க. இந்த இடத்துலதான் முக்கால்வாசிப் பேர் டேப்பைச் சுருட்டிட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. நெஞ்சைச் சுத்தி முப்பத்தாறு, அதனால முப்பத்தாறாம் நம்பர். அப்படி இல்லம்மா. அந்த நம்பர் மார்பகத்துக்குக் கீழ, விலாவைச் சுத்தி ஓடுற பட்டைக்கு. இதோ, இங்க. முப்பத்தொண்ணரை. முப்பத்திரெண்டுன்னு வச்சுக்குவோம்.

ஆமா, நாலு இஞ்ச் வித்தியாசம். அந்த நாலுக்குத்தான் கிண்ணத்தோட எழுத்து. ஒரு இஞ்சுக்கு ஏ, ரெண்டுக்கு பி, மூணுக்கு சி, நாலுக்கு டி...

ஏன் எழுந்திருக்கிறீங்க? உக்காருங்க. டின்னு சொன்னதுக்கா? டின்னா ஏதோ பேனர்ல வர்ற பொம்பளைக்குத்தான்னு யார் சொன்னது? எழுத்து தனியா நின்னா அதுக்கு அர்த்தமே கிடையாது. முப்பத்திரெண்டு டி, முப்பத்திநாலு சி, முப்பத்தாறு பி, மூணுலயும் கிண்ணம் ஒரே அளவு. சத்தியமா. பட்டைதான் வேற. எங்ககிட்ட ஒரு வக்கீலம்மா வருவாங்க. கோர்ட்டையே நடுங்க வைக்கிற குரல். டின்னு சொன்னதும் என்கிட்ட, நான் அப்படிப்பட்டவ இல்லன்னாங்க. நான் என்னம்மா உங்க நடத்தையையா அளந்தேன்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க, ரெண்டு வாங்கிட்டுப் போனாங்க.

இப்ப உங்க ஒன்பதையும் எடுங்க. வெக்கப்படாதீங்க, துவைச்சுத்தானே வச்சிருக்கீங்க. பாருங்க, எல்லாத்துலயும் கடைசிக் கொக்கி தேஞ்சிருக்கு. புதுசு வாங்கினா முதல்ல இருக்கிற தளர்வான கொக்கியில சரியா நிக்கணும். போகப்போக எலாஸ்டிக் தளரும், அப்பத்தான் உள்கொக்கிக்கு வரணும். நீங்க முதல் நாளே கடைசிக் கொக்கியில மாட்டியிருக்கீங்க. அப்படியும் பின்பக்கம் மேல ஏறியிருக்கும், ஏறுதா? ஏறும். அதை இறக்கத் தோள் ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்து இறுக்கியிருக்கீங்க. இறுக்க இறுக்கப் பின்பக்கம் இன்னும் மேல ஏறும். எடையைத் தாங்க வேண்டியது பட்டை. பட்டை லூசா இருந்ததால தோள் தாங்கியிருக்கு. எட்டு மணி நேரம் ஸ்டியரிங்கையும் பிடிச்சுக்கிட்டு இதையும் தோள் தாங்குன்னா எப்படித் தாங்கும்?

லேபிள் எங்க? ஒன்பதுலயும் இல்லையே.

ஓ. வீட்டுக்காரர் வெட்டிக் குடுப்பாரா. வாங்கிட்டு வந்ததும் அவரே உக்காந்து வெட்டுவாரா. நல்லது. நகவெட்டியாலயா?

எப்படித் தெரியும்னா, மூலையில பாருங்க, சின்னப் பல்லு மாதிரி ஒரு முக்கோணம் நிக்குது. கத்திரின்னா நேரா வெட்டும்.

ஆமாம்மா, எத்தனை ஆம்பளைங்க இப்படிச் செய்வாங்க, சரிதான். இங்க வர்ற ஆம்பளைங்களை நீங்க பாக்கணும். கவுண்டர்ல நின்னு சைஸ் என்ன சார்னு கேட்டா கையைக் குவிச்சுக் காட்டுவாங்க, ஆரஞ்சுப்பழம் வாங்க வந்த மாதிரி. ஒருத்தர் எங்க சேல்ஸ் பொண்ணைக் காட்டி, இவங்களைவிடக் கொஞ்சம் குண்டுன்னார். அந்தப் பொண்ணு அவருக்கு அன்னிக்குக் காட்டினது கர்ச்சீஃப் செக்‌ஷனைத்தான். உங்க வீட்டுக்காரர் நம்பரோட வர்றாரே, அதுவே பெருசு. பதினோரு வருஷமா அவர்தான் வாங்குறாரா? நீங்க ஒரு தடவைகூட அளந்து பாக்கலையா?

அவருக்குத் தெரியும்னு விட்டுட்டீங்க. ம். என்ன வேலை பாக்குறார்?

சர்வேயரா.

இல்ல, ஒண்ணுமில்ல. ஊர்ல இருக்கிற நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளக்கிறவர் வீட்டுல இப்படி ஒரு கூத்தான்னு சிரிப்பு வந்துச்சு. நம்பரை எப்படி ஞாபகம் வச்சிருக்கார்? எழுதி வச்சிருக்காரா? சட்டைப்பை டைரியா. கடைசிப் பக்கம். செருப்பு அளவு, ரத்த வகை, கேஸ் சிலிண்டர் நம்பர், அதுக்குக் கீழ இது. ஒவ்வொரு வருஷமும் புது டைரி வந்ததும் அந்தப் பக்கத்தை அப்படியே பாத்துப் பாத்து எழுதிக்குவார். ஆமா.

இருங்க, நான் போய் முப்பத்திரெண்டு டி எடுத்துட்டு வந்துடுறேன். ரெண்டு கம்பெனி எடுத்துட்டு வர்றேன். ஒரே நம்பர்னாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், போட்டுப் பாக்காம எதையும் நம்பக் கூடாது.

லேட்டாயிடுச்சா? மன்னிச்சுக்கோங்க. ஸ்டாக் ரூம்ல கொஞ்ச நேரம் நின்னுட்டேன். டப்பா எல்லாம் இருக்கிற இடத்துலதான் இருந்துச்சு. சும்மா நின்னேன்.

இந்தாங்க. நான் திரும்பிக்கிறேன். முன்னாடி குனிஞ்சு போடுங்க, கொக்கி வெளி வரிசையில. இப்ப நிமிருங்க. கையை உள்ள விட்டுப் பக்கவாட்டுல இருக்கிறதை முன்னாடி கொண்டுவாங்க. அது அக்குள் சதை இல்லம்மா, உங்களோடதுதான், இத்தனை நாள் இடமில்லாம வெளிய நின்னிருக்கு. ஆச்சா? திரும்பலாமா?

இறுக்கமா இருக்கா? இருக்கும். இதுவரைக்கும் எதுவும் உங்களைப் பிடிச்சதே இல்லையே. ரெண்டு விரல் பட்டைக்கு உள்ள போகுதா? போகுது. மூச்சு? நல்லா விடுங்க. இப்ப வண்டி ஓட்டுங்க. அட, சும்மா ஓட்டிக் காட்டுங்க. இடது பக்கம் வளைங்க. வலது பக்கம். பெரிய வளைவு. மேல இருக்கிற கண்ணாடியைச் சரி பண்ணுங்க. பின்பக்கம் அசையல பாத்தீங்களா? இப்ப தோள் ஸ்ட்ராப்புக்கு உள்ள விரலை விடுங்க. பாருங்க, லேசா வருது. அது சும்மா துணைக்குத்தான் இருக்கு.

ஏன் கண்ணு கலங்குது? வலிக்குதா? இல்லையா. சரி, நில்லுங்க கொஞ்ச நேரம், அவசரமில்ல.

என்னது? வேண்டாமா? கழட்டாதீங்க, சொல்லுங்க. அவர்கிட்ட எப்படிச் சொல்றது. ம். அவர் மனசு நொந்துபோகும். கோபக்காரரா? இல்லைல்ல. கோபப்படவே மாட்டார். பதினோரு வருஷமா தப்பா வாங்கிக் குடுத்திருக்கோமேன்னு உள்ளயே வச்சுக்கிட்டு நாலு நாள் சாப்பிடாம இருப்பார். அப்படித்தானே? அதுக்கு வலியோட இருந்துடலாம்னு பாக்குறீங்க. இருபத்திநாலாம் தேதி டாக்டர் முன்னாடி அந்தப் பழசைப் போட்டுக்கிட்டே போய் நிக்கப் போறீங்க.

ஒண்ணு கேக்குறேன், லேபிள் உங்களுக்கு அரிக்குமா?

அரிக்காது. ஒரு நாளும் அரிச்சதில்ல. அவர்கிட்ட அரிக்குதுன்னு நீங்க சொன்னதும் இல்ல. அவரா வெட்டுவார், அன்புன்னு விட்டுட்டீங்க. அன்புதான்மா, சந்தேகமே வேண்டாம். அட்ரஸ் மட்டும் பழசு.

அரிக்கிறது எனக்கு. இதோ, கழுத்துக்குக் கீழ பாருங்க, இன்னிக்கும் தடிப்பு. நைலான் லேபிள் பட்டா ஒரு மணி நேரத்துல சிவந்துடும். வீட்டுல கத்திரிக்கோல் காணாமப் போன அன்னிக்கு அவர் நகவெட்டியை எடுத்தார். அதுக்கப்புறம் கத்திரி கிடைச்சும் நகவெட்டிதான். அந்த டைரிப் பக்கத்துல, ரத்த வகைக்குக் கீழ, முப்பத்தாறு பின்னு முதல்ல எழுதினதும் நான்தான். கடைக்குப் போனா முழிக்கிறாரேன்னு பச்சை மையில எழுதிக் குடுத்தேன். இப்பவும் அந்த ஒரு வரியைப் பச்சையிலதான் எழுதுறாரா? அதானே.

உக்காருங்க. தண்ணி குடிங்க. முதல் சம்சாரம் இருந்ததைச் சொல்லியிருப்பார்ல? சொல்லாம இருக்கிற ஆளில்ல. அது நான்தான். அவ்வளவுதான் விஷயம், வேற ஒண்ணும் இல்ல. சண்டை சச்சரவு கிடையாது. ஒரு விஷயத்தை ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா ஜென்மத்துக்கும் மறுபடி கேக்க மாட்டார். கல்யாணமான முதல் மாசம் எனக்குத் தலைவலின்னேன். மூணு வருஷம் கழிச்சும் நான் பேசாம இருந்தா தைலத்தை எடுத்து நீட்டுவார். என்னன்னு ஒரு வார்த்தை கேளுங்கன்னு கேட்டு அலுத்து வந்துட்டேன். தைலம் நீட்டினவர்மேல யார்கிட்ட போய்ப் புகார் சொல்றது? எங்கம்மாவே என்னைத்தான் திட்டினாங்க.

நீங்க என்னை மாதிரி செய்ய வேண்டாம். நான் ஜாடையிலயே மூணு வருஷம் ஓட்டினேன். நீங்க நேரா சொல்லிடுங்க. தப்புன்னு சொல்ல வேண்டாம், அந்தப் பக்கம் என்னோடது இல்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டுப் பேனாவைக் கையில குடுங்க. எழுதிக்குவார். எழுதிட்டார்னா அதுக்கப்புறம் மாறவே மாட்டார், அது உங்களுக்கே தெரியும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வந்து அளந்துட்டுப் போங்க. உடம்பு என்ன, நிலமா, எல்லைக்கல் நட்டுட்டு அப்படியே விட?

மூணு போதும். ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில, ஒண்ணு அலமாரியில. அந்த ஒன்பதை இங்கயே விட்டுட்டுப் போனாலும் சரி, எடுத்துட்டுப் போனாலும் சரி. விட்டுட்டுப் போறீங்களா. சரி.

லேபிளா? வெட்டலம்மா. அது இருக்கட்டும்.

கட்டத்துல எழுதிட்டேன், முப்பத்திரெண்டு டி. இங்க ஒரு கையெழுத்து.

என்னோட அட்டையா? இருக்கு, பெட்டியில அடியில கிடக்கும். ஏன், முப்பத்தாறு பின்னு இருக்கான்னு பாக்கணுமா?

இல்லம்மா. அதுவும் நெஞ்சைச் சுத்தி அளந்து எங்கம்மா சொன்ன நம்பர்தான். ரெண்டாயிரத்து நாலு மார்ச் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை, காலையில விவாகரத்துல கையெழுத்துப் போட்டேன், மத்தியானம் இங்க வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் முதலாளியம்மா இதே ஸ்டூல் பக்கத்துல நிக்கவச்சு என்னை அளந்தாங்க. முப்பத்திநாலு சி.