தோள்மேல் கை

ஒட்டு மீசையை வெடுக்கென்று பிய்க்கக் கூடாது. கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் காவலர் அவசரப்பட்டுவிட்டார், அதனால்தான் மேலுதடு இப்படிச் சிவந்து கிடக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாடகக்காரர்களோடு பழகாதவர்களுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. பாதி மீசையோடு பேசினால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

அது கவிஞரின் மீசை. இந்த ஊரில் கவிஞர் என்றால் ஒருவர்தான். அவர் செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் அவரை மனப்பாடம் செய்கிறார்கள். பூங்காவில் அவர் சிலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார், அவர் மனைவி பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் ஜோடி ஜோடியாகப் போய் அதே மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் குழு வருடா வருடம் கவிஞர் நாடகம் போடும். இயக்கமும் நான், கவிஞராக நடிப்பதும் நான். என் மனைவிதான் கவிஞரின் மனைவி. விளக்கை ஏற்றிக்கொண்டு வருவாள், நாலு வார்த்தை பேசுவாள், கடைசியில் என் தோளில் கை வைப்பாள், திரை விழும். கடைத்தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் "என்ன கவிஞரே, சௌக்கியமா" என்றுதான் கேட்பார்கள். வங்கியில் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். நான் ஒரு வரி கவிதை எழுதியதில்லை. அதற்காக மரியாதையோடு வந்த நாற்காலியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நாடகத்தை எழுதியவர் என்று நோட்டீஸில் என் பெயர்தான் இருக்கும். எழுதியது அவள். புருஷன் பெண்டாட்டிக்குள் உன்னது என்னது என்று என்ன இருக்கிறது.

இந்த வருடம் கவிஞருக்கு நூற்றாண்டு. புதிதாக ஏதாவது சேர்க்கலாம் என்று கவிஞரின் பேரனைப் பார்க்கப் போனோம். அவர் பல் டாக்டர், கலகலப்பான மனிதர். என் மனைவி அவரிடம், "உங்க பாட்டியப் பத்தி எதுலயுமே இல்லையே, அவங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

"பாட்டிக்கு வலது கை விரல் மடங்காது," என்றார் அவர். "கதவுல மாட்டிக்கிச்சுன்னு வீட்ல சொல்வாங்க. டாக்டருக்குப் படிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. அஞ்சு விரலும் ஒரே நேரத்துல எப்படிங்க ஒரு கதவுல மாட்டும்?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. "கவிதையில பாதி பாட்டியோடதுன்னு எங்கப்பா சொல்வார். நம்புறதா வேணாமான்னு தெரியல. ஆனா பாட்டி கை போனதுக்கு அப்புறம் தாத்தாவும் ஒண்ணும் எழுதல, அது மட்டும் நிஜம். நாடகத்துல போடணும்னா போட்டுக்கோங்க. செத்தவங்களுக்கு என்ன மானம் போகப் போகுது?"

பேருந்தில் வரும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எழுதிய காட்சியை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்க்காதவர்களுக்கு மற்றது புரியாது. கவிஞரின் மனைவி தன் கவிதையை உரக்கச் சொல்கிறாள். அது தன்னுடையது என்கிறாள். கவிஞர் அவள் கழுத்தைப் பிடிக்கிறார். மூச்சு முட்டும்போது அவள் அவர் தோளில் தட்டுகிறாள், விடுங்கள் விடுங்கள் என்பதுபோல. அப்படியே இருவரும் உறைந்து நிற்க, மற்ற வெளிச்சமெல்லாம் அணைந்து, தோளில் இருக்கும் அந்தக் கை மட்டும் தெரியும். பூங்காவில் இருக்கும் அதே கை. இத்தனை நாளும் அந்தக் கையைப் பார்த்து நாம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம் என்று ஜனங்களுக்கு அப்போதுதான் விளங்கும். அருமையான காட்சி.

மேடையில் கழுத்தை நெரிப்பதைப் போலப் பாதுகாப்பான வேலை இல்லை. நெரிப்பவன் கையில் பலமே இருக்காது, விரல்கள் காலர் எலும்பின் மேல் சும்மா கிடக்கும். திணறுவது, துடிப்பது எல்லாம் எதிரில் இருப்பவர் பாடு. நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் தோளில் தட்ட வேண்டும், உடனே விட்டுவிட வேண்டும். எங்கள் குழுவில் அதுதான் வழக்கம். ஆனால் இந்தக் காட்சியில் தட்டுவதே நடிப்பாகப் போய்விட்டது. அதை அவளே யோசித்து வைத்திருந்தாள்.

"விரிச்ச கையால தட்டினா நாடகம்," என்றாள் ஒத்திகையில், எல்லோர் முன்னாலும். "கையை மூடிக் குத்தினேன்னா நிஜம். அப்ப விட்டுடணும்."

"சரி" என்றேன். காட்சியைச் செய்து பார்த்தோம். லைட்டுக்காரர் எங்களிடம் ரொம்ப நாளாக இருப்பவர், என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிற்கும் பக்கம் அவர் எப்போதும் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பார். ஏதோ அழகுக்காக என்று நினைத்திருந்தேன். கன்னத்து வீக்கத்தை மறைக்கத்தான் என்பது அன்றுதான் மண்டையில் ஏறியது. விவரமான மனிதர்.

அடித்திருக்கிறேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. வசனம் மறந்தால் அடிப்பேன். வீட்டில் குரல் உயர்ந்தால் அடிப்பேன். ஒரு தடவை விலாவில் உதைத்து அவள் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதாயிற்று. முகத்தில் அடிப்பதைக் கூடியவரை தவிர்ப்பேன், நடிகையின் முகம் ஆயிற்றே. கைதவறிப் பட்டவைதான் லைட்டுக்காரர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவள் யாரிடமும் வாய் திறந்தது கிடையாது. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஊரைக் கூட்டிச் சொல்ல இப்படி ஒரு வழி கண்டுபிடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொன்னேன்.

"எடுக்க மாட்டேன்," என்றாள்.

"யாரைப் பத்தி எழுதியிருக்கே நீ?"

"கவிஞரைப் பத்தித்தான். உங்களுக்கு ஏன் சுடுது?"

அவள் அறை வாசலில் வலது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கதவு சாத்திக்கொண்டது. அந்த அறைக் கதவு மழையில் ஊறி உப்பிப்போனது, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். அன்றைக்கும் முதல் தள்ளலில் மூடவில்லை. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பிறகு இன்னொரு தடவை கேட்டது. அவள் கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கட்டுப் போட்டு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன்.

மறுநாள் ஒத்திகைக்கு வந்து, "கதவுல மாட்டிக்கிச்சு," என்று சொன்னாள். சொன்னவள் வாயை மூடிக்கொண்டாள். பல் டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் அவளே சொல்லியிருந்தாளே. லைட்டுக்காரர் கையிலிருந்த வயரைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் போனார்.

"தங்கச்சி, இந்த நாடகம் வேணாம். நான் வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஆடி முடிச்சுட்டு வர்றேண்ணே," என்றாள். "அவர் கைக்கு நான் பயப்படாத ஒரே எடம் மேடைதான். அத்தனை பேர் பார்க்க என்ன பண்ணிடுவார்?"

நான் காதில் விழாத மாதிரி மேக்கப் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தேன். நாடகம் முடிந்ததும் அவள் போய்விடுவாள் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அவள் இல்லாமல் எனக்கு ஒரு சட்டைப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது.

கையை மூடிக் குத்துவது என்று பேசியிருந்தோமே, அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விரல்களை நீட்டிவைத்துக் கட்டியிருந்தார்கள். மேக்கப் போடும் பெண் தோல் நிறத்தில் ஒரு பட்டை சுற்றிக் கட்டை மறைத்தாள். பாத்திரத்துக்கும் பொருத்தமாக அமைந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அடையாளத்தை மாற்ற வேண்டும் என்று எனக்கு மட்டும் தோன்றியது. நான் சொல்லவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. பல் டாக்டர் குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். அவள் கவிதையைச் சொன்னபோது இருமல் சத்தம்கூட இல்லை. இத்தனை வருடம் நாலு வார்த்தை பேசியவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. நான் எழுந்து போய்க் கழுத்தைப் பிடித்தேன். அதுவரை என் கையில் பலம் இல்லை, சத்தியமாக. அவள் தோளில் தட்டினாள். மற்ற விளக்குகள் அணைந்தன. இருட்டில் முதலில் ஒரு பெண் "ஐயோ, அந்தச் சிலை" என்று முணுமுணுத்தாள். பிறகு அந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கவிஞர் அங்கேயே செத்துப்போனார். நாளைக்குக் கடைத்தெருவில் என்னை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் என் கட்டைவிரல்கள் காலர் எலும்பிலிருந்து மேலே ஏறின.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நடிக்கும்போது அவள் கண்கள் கொஞ்சம் மேலே பார்க்கும், இப்போது நேராக என்னைப் பார்த்தன. இடது கையை எங்கள் இருவருக்கும் நடுவில் மடக்கி நெஞ்சோடு அழுத்தியிருந்தேன், அதை அவளால் உருவ முடியவில்லை. வலது கை தோளில் தட்டியது. வேகமாகத் தட்டியது. ஜனங்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். அந்தச் சத்தத்தில் குரல்வளை உடைந்தது என் விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது. கால்கள் மடங்கின, நான் விழவிடாமல் பிடித்துக்கொண்டேன். கண்ணில் ரத்தம் கோத்து, வாயோரம் நுரை வந்தது. கைதட்டல் நிற்கும்வரை நான் விரலைத் தளர்த்தவில்லை.

அப்புறம் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. லைட்டுக்காரர் ஓடிவந்து என் கட்டைவிரலைப் பின்னால் வளைத்து உடைத்துத்தான் எடுத்தார். பிறகு முகத்தில் குத்தினார், இந்தப் பல் அப்போது போனதுதான். என்னை இதுவரை யாரும் அடித்ததில்லை. இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவே இல்லை.

கையை மூடிக் குத்தினால்தானே விட வேண்டும், அந்தக் கை மூடாது என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். கதவைச் சாத்தியவன் நான்தானே. கொன்றதும் நான்தான், கையெழுத்துப் போடச் சொல்லும் இடத்தில் போடுகிறேன். ஆனால் அவள் என்னை வெறுத்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது அபாண்டம். அவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? மூச்சு அடங்கும்வரை அவள் கை என் தோளை விட்டு நகரவே இல்லை. கடைசிவரை என்னைத் தட்டிக்கொடுத்தாள்.