கோட்டுக்கு மேலே நின்ற புள்ளிகள்

என் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். இரண்டு திரவங்களைக் கலந்து சூடாக்கினால் ஆவியின் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று அளப்பேன். அளக்காமலே அதைச் சொல்லிவிடும் சமன்பாடுகளை எழுதுவேன். கடைசிவரை உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் என் தங்கையின் கணவர். ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் பொறுப்பாளர். "சொல்லுங்க மச்சான், என் பொழப்பே இதுலதான் ஓடுது" என்பார்.

சில திரவங்களுக்குள் ஒத்துப்போகாது என்று அவருக்கு விளக்கினேன். தனித்தனியாகச் சாதுவாக இருக்கும். ஒன்றாகப் போட்டால், பக்கத்தில் நிற்கப் பிடிக்காமல் ஆவியாகி ஓடப் பார்க்கும்.

"எங்க மேனேஜரும் நானும் மாதிரி" என்று சிரித்தார்.

அவருடைய தொழிற்சாலை ஒரு புதுக் கலவையைக் காய்ச்சிப் பிரிக்கத் திட்டமிட்டபோது என் சமன்பாட்டைத்தான் கேட்டு வாங்கியது. பாதுகாப்பு வால்வின் அளவுகூட என் வரைபடத்தை வைத்தே முடிவாயிற்று. அழகான கோடு அது. நடுவில், அளந்து குறித்த சில புள்ளிகள் மட்டும் கோட்டில் உட்காராமல் வெகு மேலே நின்றன. என் ஆய்வு மாணவி கனத்த கண்ணாடி போட்டவள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் சோடாபுட்டி. அவள்தான் அவற்றைக் கொண்டுவந்தாள்.

"திரும்பத் திரும்ப எடுத்துட்டேன் சார். மேலதான் போகுது."

"எங்கயாவது கசியும்மா. கழட்டி மாட்டிப் பாரு."

"கசிஞ்சா அழுத்தம் இறங்கத்தானே சார் செய்யும்?"

சரியாகத்தான் கேட்டாள். அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டுக் கட்டுரையை அனுப்பினேன். எங்கள் துறையில் ஒன்றிரண்டு புள்ளிகளை ஒதுக்காதவர் யார்?

தொழிற்சாலையில் சோதனை ஓட்டத்தன்று காலை நான் ஒரு கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தேன். திரையில் என் கோடு. முன்வரிசையில், அதே சமன்பாட்டைத் தங்கள் ஆலைகளுக்குக் கேட்டு வந்தவர்கள். போன் அதிர்ந்தது. மாப்பிள்ளை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேடையோரம் போய் எடுத்தேன்.

"மச்சான், உங்க கோட்டைத் தாண்டி ஏறுது." அழுத்தம் எவ்வளவு என்றும் சொன்னார். "நிறுத்திடட்டுமா?"

"மீட்டர் கோளாறா இருக்கும் மாப்ள. ஓட்டுங்க."

"நீங்க சொன்னா சரி."

அதன்பிறகு அவர் உடனிருந்தவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, தான் மட்டும் மீட்டர் முன்னால் நின்றிருக்கிறார். அவர்கள் உயிரோடு இருப்பது அதனால்தான். நான் மேடைக்குத் திரும்பி மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். கைதட்டினார்கள். கீழே இறங்கியபோது காய்ச்சும் கலம் வெடித்த செய்தி வந்திருந்தது.

முகத்தைக் காட்டும் நிலையில் உடல் இல்லை. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, உன்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றாள்.

"போன் வந்துச்சும்மா. பேசிட்டிருந்தேன், எடுக்க முடியல" என்றேன்.

விசாரணைக் குழுவும் நிபுணர் என்று என்னைத்தான் அழைத்தது. அழுத்தம் வரம்பைத் தாண்டியதுமே நிறுத்தியிருக்க வேண்டும், அது இயக்கியவரின் கவனக்குறைவு என்றேன். மறுத்துப் பேச ஆளில்லை. இப்போது தங்கை தன் மகளிடம், "அப்பா கொஞ்சம் கவனமில்லாம இருந்துட்டாரு" என்கிறாள். அவள் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் குழந்தை தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்.

அந்த அழைப்பை நான் எடுத்துப் பேசியதன் பதிவு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். ஆமாம், பேசினேன். ஆனால் மீட்டர் கோளாறு என்று நான் நம்பியதாக எழுதிக்கொள்ள வேண்டாம். அவர் அளவைச் சொன்னதுமே தெரிந்துவிட்டது. சோடாபுட்டி கொண்டுவந்து காட்டிய அளவு அது. நிறுத்துங்கள் என்று ஒரு சொல் போதும். சொல்லியிருந்தால், திரும்பிப் போய் அந்தத் திரைக்கு முன்னால் நான் எப்படி நிற்பது?

தங்கையிடம் மட்டும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் நான் இதுவரை வாய் திறக்கவில்லை.