புள்ளி வைக்க ஒரு நத்தை

நெயில் பாலிஷில் சிவப்புதான் உப்புத் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும், ஐயா. மனைவிக்கு என்று நினைத்துக் கடைக்காரர் இளிப்பார். நத்தைக்கு என்றால் இன்னும் அதிகமாக இளிப்பார்.

கடல் ஆய்வு நிலையத்தில் என் வேலையே அதுதான். பாறையில் ஒட்டியிருக்கும் நத்தைகளின் ஓட்டில் எண் போட வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு. தண்ணீர் ஏறியதும் பாசி மேயப் போகும். வடிவதற்குள் தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில் பாறை அதன் ஓட்டுக்கு அச்செடுத்த மாதிரி தேய்ந்திருக்கும், வேறெங்கும் பொருந்தாது. நாற்பத்தொன்றாம் எண் பதினொரு வருடமாக ஒருநாள்கூட வழி தவறியதில்லை.

இதை வைத்து இயக்குநர் ஒரு தடித்த புத்தகம் போட்டார். நன்றியுரையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வரை இருந்தார். நான் இல்லை. அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. என்னை அவர் கூப்பிடுவதே 'நத்தை' என்றுதான். வருகிறவர்களிடம், "இவன் நம்ம முன்னூத்திப் பதிமூணு" என்பார். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வாரம் அமைச்சர் வருவதாக இருந்தது. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வேலைக்கு வந்தேன். பாறை மொட்டையாக இருந்தது. நிலைய வாசலில் ஒரு பெரிய அட்டை. வெந்நீரில் போட்டுச் சதை எடுத்த ஓடுகளை ஒட்டி 'நல்வரவு' என்று எழுதியிருந்தார்கள்.

"எப்படிடா இருக்கு, நத்தை? ல்-லுக்குப் புள்ளி பாத்தியா, எடுப்பா இல்ல?" என்றார் இயக்குநர்.

புள்ளியின் மேல் சிவப்பாக நாற்பத்தொன்று என்று இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

கரையில் ஒரு கரும்பலகை உண்டு. தண்ணீர் ஏறும் நேரத்தை அதில் எழுதுவதும் நான்தான். மறுநாள் ஏற்றம் காலை பத்து மணிக்கு. பதினொன்று என்று எழுதினேன். கடலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் கடலைப் பார்க்க மாட்டார், பலகையைத்தான் பார்ப்பார். யார் காதிலும் விழாமல் வரவேற்புரையை ஒத்திகை பார்க்க, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கடைசிப் பாறைக்குப் போனார். 'மாண்புமிகு' என்பதை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது தடவைதான் பின்னால் வழி மூடிவிட்டதைக் கவனித்தார்.

"டேய் நத்தை, படக எடுத்துட்டு வாடா. எனக்கு நீச்சல் தெரியாதுடா."

"பாறைய இறுக்கிப் பிடிச்சுக்கோங்க சார். எந்த அலையும் ஒண்ணும் செய்யாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, எண்பதாம் பக்கம்."

படகு என் காலடியில்தான் கிடந்தது. அதில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். சத்தம் நின்றது, தண்ணீரும் வடிந்தது. வழக்கம்போல் எழுதினேன். முன்னூற்றுப் பதிமூன்று நான் என்பதால் அவருக்கு அடுத்த எண். முன்னூற்றுப் பதினான்கு: இடத்தில் இல்லை.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், ஐயா. கோபத்தில் செய்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வராது. பலகையில் அந்தப் பதினொன்றை எழுதும்போது சாக்பீஸ் மூன்று முறை உடைந்தது, அவ்வளவுதான்.